மூளைப் புற்றுக்கு நோயாளியின் ரத்தமே மருந்து! மறைந்த கட்டி 7½ மாதத்தில் மறுபடி வந்தது

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்து டுவார்ட்டே என்று ஒரு ஊர். அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயர் "சிட்டி ஆப் ஹோப்". அதாவது, நம்பிக்கை நகரம்!

அங்கே 50 வயதுக்காரர் ஒருவருக்கு நடந்த வைத்தியம் டாக்டர்களையே மூக்கில் விரல் வைக்கச் செய்தது.

அவருக்கு வந்தது "கிளியோபிளாஸ்டோமா" என்ற மூளைப் புற்று. பொல்லாத நோய். ஆபரேஷன் செய்து எடுத்தாலும், கதிர் வைத்தியம் கொடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். இவருக்கும் வந்தது. ஓர் இடத்தில் அல்ல, பல இடங்களில்!

அது என்ன வைத்தியம்?

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் "டி" அணு என்று ஒரு வகை உண்டு. உடம்புக்குள் ரோந்து சுற்றும் போலீஸ்காரன் மாதிரி. ஆனால் புற்று, சொந்த உடம்பிலேயே முளைத்த திருடன் ஆயிற்றே! போலீசுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை.

டாக்டர்கள் அவருடைய ரத்தத்தில் இருந்து டி அணுக்களைப் பிரித்து எடுத்தார்கள். சோதனைக்கூடத்தில் அவற்றுக்குள் புது மரபணுவைப் புகுத்தினார்கள். புற்று அணுவின் மேல் உள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடித்துத் தாக்கும் சக்தி அவற்றுக்கு வந்தது. "கார்-டி" அணு என்று பெயர்.

16 தடவை

முதலில் 6 தடவை, கட்டியை எடுத்த குழிக்குள்ளேயே குழாய் வழியாகச் செலுத்தினார்கள். அந்த இடத்தில் கட்டி தலைதூக்கவில்லை. மற்ற இடங்களில் வளர்ந்தது. முதுகுத் தண்டுக்கும் இறங்கிவிட்டது.

டாக்டர்கள் வழியை மாற்றினார்கள். மூளையின் நடுவே நீர் அறைகள் உண்டு. அங்கிருந்துதான் நீர் மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி வருகிறது. அந்த அறைக்குள் 10 தடவை செலுத்தினார்கள்.

கட்டிகள் கரைந்தன! ஸ்கேனில் ஒன்றையும் காணோம்! ஸ்டீராய்டு மருந்தைக்கூட நிறுத்தினார்கள். மனிதர் பழையபடி வேலைக்குப் போனார்.

இந்த அதிசயம் 7½ மாதம் நீடித்தது. அப்புறம் புது இடங்களில் கட்டி கிளம்பியது. அவற்றில் அந்தப் புரதம் குறைந்திருந்ததாகத் தெரிந்தது. திருடன் சட்டையை மாற்றிக்கொண்டான்! 2016 டிசம்பரில் டாக்டர்களே இதை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

2 அடையாளம்

இந்த மாறுவேஷத்தைச் சமாளிக்க, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2 அடையாளங்களைக் குறி வைக்கும் அணுக்களைத் தயாரித்தார்கள். 3 பேருக்குக் கொடுத்தார்கள். 57 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரே தடவைதான். 5-வது நாள் ஸ்கேனில் கட்டி ஏறக்குறைய மறைந்திருந்தது! இந்த விவரம் 2024 மார்ச்சில் வெளிவந்தது.

ஆனாலும் 3 பேரில் 2 பேருக்குக் கட்டி திரும்ப வந்துவிட்டது. 72 வயது முதியவர் ஒருவருக்கு மட்டும், சுருங்கிய கட்டி 6 மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

இந்தியாவில் 2023-ம் ஆண்டு கார்-டி வைத்தியத்துக்கு அனுமதி கிடைத்தது. அது சில வகை ரத்தப் புற்றுக்குத்தான். மூளைப் புற்றுக்கு இது இன்னும் சோதனை வைத்தியமே.