வேடர் வில்

கல்முனைக் கரைக்கு மேற்கே, மகா ஓயாப் பகுதியிலுள்ள பொல்லெபெத்த வேடர்களின் பழங்குடியிருப்புகளுள் ஒன்றாகும். வேடர் வில் ஒரே மரக்கம்பினால் ஆயது; ஏறத்தாழ ஆளுயரமுள்ளது. அதன் நாண் மரப்பட்டை நாரைத் திரித்துச் செய்யப்படுவது.

வில்லை வளைக்குங்கால் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும். ஆதலின், வெளிப்புற மரநாரை அறுக்காது உட்புறத்தையே சீவுதல் வேண்டும். இருபாதியும் ஒத்து வளையும்வரை சிறிது சிறிதாகச் சீவுதலே முறை. ஓரிடத்தில் மிகையாகச் சீவின், அவ்விடத்திலேயே வில் முறியும். நாணேற்றியபடியே நெடுநேரம் வைத்த வில் வளைந்தே நின்று வலுவிழக்கும். எனவே, பயன்படுத்தாதபோது நாணைக் கழற்றிவிடுவது நன்று.

1983ஆம் ஆண்டு மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேடர் வேட்டையாடிய காட்டின் பெரும்பகுதி அவர்களுக்கு அடைபட்டது. வேட்டை குன்றினால் வில்லின் தேவையும் குன்றும். தக்க மரத்தைத் தேரும் கண்ணையும், அளவறிந்து சீவும் கையையும் ஏட்டில் எழுதிக் காத்தல் அரிது. மூத்தோர் அருகிருந்து இளையோர் பழகினாலன்றி அவை நிலைபெறா.