படம் பதியுமுன் பார்க்க ஒரு பொத்தான்

எஸ்.எல்.ஆர். கேமராவின் வியூஃபைண்டரில் தெரியும் காட்சி அப்படியே படமாக வருவதில்லை. அப்பர்ச்சரை எஃப்/16 என்று வைத்திருந்தாலும், லென்ஸ் தன் துளையை முழுதாகத் திறந்தே வைத்திருக்கும். காட்சி வெளிச்சமாகத் தெரியவும் ஃபோகஸ் செய்யவும் அதுவே வசதி. ஷட்டர் பொத்தானை அழுத்திய பிறகுதான், படம் பதியும் கணத்தில் துளை எஃப்/16க்குச் சுருங்கி மறுபடி விரிகிறது.

துளை சுருங்கினால், ஃபோகஸ் செய்த இடத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைக் கொண்டு 2 மீட்டர் தள்ளி நிற்பவரைப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். எஃப்/2இல் தெளிவின் ஆழம் ஏறக்குறைய 20 செ.மீ.; எஃப்/16இல் 1.8 மீட்டர். அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவரொட்டி இருந்தால், வியூஃபைண்டரில் அது வெறும் வண்ணத் தீற்றலாகத் தெரியும். படத்திலோ எழுத்து எழுத்தாக வந்து நிற்கும்.

இதை முன்கூட்டியே காட்டுவதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தான். பெரும்பாலும் லென்ஸ் பொருந்தும் வளையத்தின் அருகே இருக்கும். அழுத்தியதும் துளை நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவிலேயே இது உண்டு. 1992இல் வந்த கேனான் ஈஓஎஸ் 5இல், வியூஃபைண்டரின் மேல் மூலையைக் கண்ணால் பார்த்தாலே போதும், துளை சுருங்கிவிடும்.

பொத்தானை அழுத்தியதும் காட்சி இருண்டுவிடுவதால் பலர் இதைக் கைவிடுகிறார்கள். எஃப்/2இலிருந்து எஃப்/16க்குப் போனால் ஒளி 64இல் ஒரு பங்காகிறது, இருட்டு இயல்புதான். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவரைப் போல, கண் பழகச் சற்றுப் பொறுக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபடியே அப்பர்ச்சரை ஒவ்வொரு படியாகக் குறைத்தால் மாற்றம் நன்றாகப் பிடிபடும். அப்போது ஆளைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பாருங்கள்.

ஒரு வரம்பும் உண்டு. இன்றைய எஸ்.எல்.ஆர்.களின் ஃபோகசிங் திரை ஏறத்தாழ எஃப்/2.8க்கு மேல் அகன்ற துளையின் மங்கலை முழுதாகக் காட்டாது. எஃப்/1.4இல் எடுப்பவர் லைவ் வியூவை நம்புவதே நல்லது. மின்னணு வியூஃபைண்டர் உள்ள கேமராக்களில் இருட்டுத் தொல்லையும் குறைவு. காட்சியை அவையே வெளிச்சமாக்கிக் காட்டும்.

எடுத்த பிறகு திரையில் சரிபார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருக்கும். முதலிலேயே அழுத்திப் பார்த்தால், பின்னணி உறுத்தும்போது இரண்டடி நகர்ந்துகொள்ள நேரம் இருக்கிறது.