வீடு வாங்குமுன் ஒரு பொறியாளரின் பார்வை

வீட்டுக்கடன் விண்ணப்பத்தோடு வரும் வாடிக்கையாளர்கள் பலர் ஒரு நம்பிக்கையையும் உடன் கொண்டுவருகிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டார், வழக்கறிஞர் மூலப்பத்திரங்களைச் சரிபார்த்துவிட்டார். ஆகவே வீட்டில் குறை ஏதும் இருக்க வாய்ப்பில்லை என்பதே அது. மதிப்பீட்டுக் கட்டணத்தைத் தாங்களே செலுத்துவதால் அந்த எண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. ஆனால் மதிப்பீட்டாளர் விடை தேடும் கேள்வி வேறு. கடன் திரும்பாமற்போனால் இந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும் என்பதையே அவர் வங்கிக்குச் சொல்கிறார். நிலத்தின் அளவு, கட்டடத்தின் பரப்பு, அதன் வயது, சாலை வசதி, அக்கம்பக்கத்து விலை ஆகியவற்றைக் கொண்டு ஒரு தொகையை எழுதுகிறார். குளியலறைச் சுவரின் மறுபுறம் ஈரம் ஊறியிருக்கிறதா, மாடித் தளத்தின் கம்பி துருவேறியிருக்கிறதா என்று ஆராய்வது அவருக்கு இடப்பட்ட பணியன்று. அவருடைய அறிக்கை வங்கியின் பாதுகாப்புக்கானது. வாங்குபவரின் பாதுகாப்புக்கு வேறோர் அறிக்கை வேண்டும்.

பிரிட்டனில் பட்டய அளவையர்களின் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். வீட்டு ஆய்வை மூன்று நிலைகளாக வகுத்துள்ளது. முதல் நிலை மேலோட்டமானது. மூன்றாம் நிலை, பழமையான அல்லது பெரிதும் மாற்றிக் கட்டப்பட்ட வீடுகளுக்கான விரிவான ஆய்வு. இடைப்பட்ட இரண்டாம் நிலையே சாதாரணக் குடும்பங்கள் பெரிதும் நாடுவது. எதையும் இடிக்காமல், பெயர்க்காமல், எட்டும் பகுதிகள் அனைத்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறியிட்டு எழுதித் தருவார்கள். சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டியது. நம் ஊரில் இத்தகைய ஏற்பாடு பரவலான வழக்கமாகவில்லை. ஆயினும் அனுபவமிக்க கட்டடப் பொறியாளர் ஒருவரை அமர்த்தி இதே பணியை ஒப்படைப்பதற்குத் தடையேதுமில்லை. அவர் விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவராக இருத்தல் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

திருவனந்தபுரத்தில் அவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் கூரையை. ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் நகரம் இது. இடவப்பாதி ஓய்ந்து சுவர் காய்வதற்குள் துலாவர்ஷம் தொடங்கிவிடுகிறது. மீன மாத வெயிலில் வீடு பார்க்கப் போகிறவருக்குக் கூரையின் ஒழுக்கு தெரியாது. கான்கிரீட் தளத்தின்மேல் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு வேய்ந்த ‘ட்ரஸ்’ கூரை இங்கே எங்கும் காணக்கூடியது. துணி உலர்த்தவும் வெப்பம் தணிக்கவும் அது நல்ல ஏற்பாடுதான்; ஆனால் ஒழுகும் தளத்துக்குச் செலவு குறைந்த மருந்தாகவும் அது போடப்படுவதுண்டு. தகட்டின் கீழுள்ள தளத்தில் வெடிப்பு இருக்கிறதா, கீழறையின் மேற்பூச்சைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா என்று பொறியாளர் பார்த்தாக வேண்டும். அண்மையில் பூசிய வண்ணம், அதிலும் ஓர் அறைக்கு மட்டும் பூசிய வண்ணம், ஐயத்துக்குரியது. ஈரமானியை அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தரை. மேடும் பள்ளமுமான இந்நகரில் சரிவை வெட்டி ஒருபுறமும், வெட்டிய செம்மண்ணைக் கொட்டி மறுபுறமும் சமன்செய்து வீடு கட்டுவது வழக்கம். வெட்டிய பாதி இறுகியிருக்கும். நிரப்பிய பாதி சரியாக இறுக்கப்படாவிட்டால் மெல்ல அமிழும். சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்பு, ஒட்டாத கதவு, ஒருபுறம் தாழ்ந்த தரை ஆகியவை அதன் அடையாளங்கள். தாங்குசுவர் வெளிப்புறம் புடைத்திருக்கிறதா, அதில் நீர் வடியும் துளைகள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளத்து மனைகளுக்கு வேறு கேள்வி. 2023 அக்டோபர் நடுவில் ஓரிரவு பெய்த மழையில் தெற்றியாறு பெருகிக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பகுதியையும், ஆமையிழஞ்சான் தோட்டையொட்டிய கண்ணம்மூலை, கௌரீசபட்டம் போன்ற இடங்களையும் நீர் சூழ்ந்தது. அன்றிரவு இந்த வீட்டில் எவ்வளவு நீர் நின்றது என்பதை விற்பவரைவிட அண்டைவீட்டார் துல்லியமாகச் சொல்வார்கள்.

கிணறுள்ள மனையாயின் மலக்குழி எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் வேண்டுமென்பது கேரளக் கட்டட விதி. ஐந்து சென்ட் மனையில், இருபுறமும் அண்டைவீட்டுக் குழிகள் இருக்கையில், இதை அளந்து பார்த்தே அறிய முடியும். அயினி, பலாமர நிலைகளில் கறையான் தடம் உண்டா என்பதை ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் போதும்.

கரமனை, வலியசாலை, கோட்டை ஆகிய இடங்களின் பழைய தெருக்களில் வீடு வாங்குவோருக்கு இந்த இடைநிலை ஆய்வு போதாது என்பது என் கருத்து. ஒரே சுவரை இரு வீடுகள் பகிரும் அமைப்பு, மர உத்தரங்கள், சுண்ணாம்புப் பூச்சு இவற்றை அறிந்தவரிடம் விரிவான ஆய்வே செய்விக்க வேண்டும்.

அடுக்ககம் என்றால் கவலையில்லை என்று எண்ணுவோரும் உளர். கொச்சி வைட்டிலாவில் படைவீரர் குடும்பங்களுக்காகக் கட்டி 2018இல் ஒப்படைக்கப்பட்ட சந்தர் குஞ்ச் குடியிருப்பின் இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்டுமாறு 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருந்ததை ஆய்வுகள் காட்டியிருந்தன. குளோரைடு கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இதைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது. எனவே தூண்களில் கம்பியின் போக்கிலேயே வெடிப்போ துருக்கறையோ தெரிந்தால், அல்லது கட்டடம் கடற்கரையை ஒட்டி நின்றால், ‘ரீபவுண்ட் ஹாமர்’, மீயொலிச் சோதனை, குளோரைடு அளவு ஆகியவற்றை மேற்கொண்டு செய்யப் பொறியாளர் பரிந்துரைப்பார். அந்தப் பரிந்துரையை வேண்டாச் செலவென்று தள்ளிவிடாதீர்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சமாக 80 விழுக்காடு, அதாவது 48 லட்சம் வரையே கடன் தரலாம். எஞ்சிய 12 லட்சத்தோடு, பத்திரத் தொகையில் 8 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமுமாக 6 லட்சம் சேர்ந்து, கையிலிருந்து 18 லட்சம் போய்விடுகிறது. குடிபுகுந்த முதல் மழையிலேயே தளத்தைப் பெயர்த்துப் போட நேர்ந்தால் அதற்குப் பணமில்லை. 48 லட்சத்துக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 41,650 ரூபாய். வீடு எந்நிலையில் இருந்தாலும் அது நிற்காது. இடைநிலை ஆய்வுக்கான கட்டணம் பெரும்பாலும் ஒரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, தனக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தக் கடமை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தென்படாத குறைகளுக்கே உரியது. தென்படுகிற குறையை நீங்கள் பார்க்காமல் விட்டால் பொறுப்பு உங்களுடையது. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், கட்டுமானக் குறைகளை வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டு வரை கட்டணமின்றிச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுமான நிறுவனத்தின்மேல் சுமத்துகிறது. பதினைந்து ஆண்டுப் பழைய வீட்டைத் தனியாரிடம் வாங்குவோருக்கு அது உதவாது.

ஆகவே ஆய்வை எப்போது செய்விப்பது என்பது முக்கியம். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிய பிறகு குறை தெரிந்தால் பேரம் பேசும் வலிமை போய்விடுகிறது. அதற்கு முன்பே செய்வது நன்று. விற்பவர் அவசரப்படுத்தினால், ‘பொறியாளரின் அறிக்கையில் பெருங்குறை காணப்பட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்றொரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேட்க அதுவே ஆதாரம். அறிக்கையின் ஒரு படியைக் கடன் விண்ணப்பத்தோடு கொடுத்தால், பழுதுபார்ப்புக்கான கடனுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க இயலுமா என்பதைக் கிளையிலேயே கலந்து பேசலாம்.