பாட்டி கேட்ட பெரிய திரை

கடந்த தீபாவளி விடுமுறைக்குக் கூலாயிலுள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். 1994-இல் தோட்டத்தில் நடந்த பெரியப்பாவின் திருமண வீடியோ நாடாவை, அப்பா கடையில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றியிருந்தார். நான் பிறக்கும் முன்பே மறைந்துவிட்ட தாத்தா அதில் இருக்கிறார். என் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். பாட்டி திரையருகே குனிந்து பார்த்தார்.

"ஒன்னும் தெரியலயே ஐயா. பெரிய டிவியில போட முடியாதா?" என்றார்.

அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

எங்கள் தொலைக்காட்சியில் இணைய வசதி இல்லை. என் மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. துளை பழுதடைந்திருந்தது. தொலைக்காட்சியோடு அண்ணனின் பழைய பிளேஸ்டேஷன் 3 மட்டும் இணைந்திருந்தது. அதில் பென்டிரைவைச் செருகலாம் என்றால், அது படிக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் கோப்போ 7 ஜிகாபைட்!

அப்போதுதான் இன்னொரு வழி தெரிந்தது. பந்தியில் பரிமாறுபவரைப் போல மடிக்கணினி கோப்பைச் சிறிது சிறிதாக அனுப்பும்; விளையாட்டுக் கருவி அதை வாங்கித் திரையில் காட்டும். முழுக் கோப்பையும் நகலெடுக்கத் தேவையில்லை. இரண்டும் பேசிக்கொள்ளும் பொதுமொழியின் பெயர் டி.எல்.என்.ஏ. இதற்கான கூட்டமைப்பை சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் 2003-இல் தொடங்கின. 2017-இல் அது கலைக்கப்பட்டாலும், அம்மொழி இன்றும் பல கருவிகளில் இயங்குகிறது.

செய்முறை இதுதான்:

முதலாவதாக, இரண்டு கருவிகளையும் ஒரே ரௌட்டரில் இணைக்க வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு லேன் கம்பி கொடுத்தால் படம் தடைபடாது.

இரண்டாவதாக, மடிக்கணினியில் 'யுனிவர்சல் மீடியா சர்வர்' என்ற இலவச மென்பொருளை நிறுவி, படம் இருக்கும் கோப்புறையைக் காட்ட வேண்டும். எங்கள் கோப்பு எம்.கே.வி. வகை. பிளேஸ்டேஷன் 3 அதை அறியாது. இம்மென்பொருள் அனுப்பும்போதே வடிவத்தை மாற்றிக் கொடுத்துவிடும்.

மூன்றாவதாக, பிளேஸ்டேஷனின் நெட்வொர்க் அமைப்பில் 'மீடியா சர்வர் கனெக்ஷன்' என்பதை இயக்கி, வீடியோ பகுதியில் சர்வரைத் தேட வேண்டும்.

நான் தேடினேன், ஒன்றும் வரவில்லை. மாலைப்பொழுது முழுதும் வீணானது. தவறு என்னுடையதே. விண்டோஸ் தடுப்புச்சுவர் அனுமதி கேட்டபோது, படிக்காமலேயே மறுத்திருந்தேன். பிளேஸ்டேஷன் அனுப்பிய தேடல் அழைப்பை மடிக்கணினி பெறவே இல்லை. அனுமதி அளித்ததும் அதன் பெயர் தொலைக்காட்சியில் தோன்றியது.

விடுதியில் இதை முயலும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. பொது வைஃபையில் ஒரு கருவி மற்றொன்றைக் காணாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். அங்கே இரண்டையும் ஒரே லேன் கம்பியால் நேரடியாக இணைத்துவிடலாம். பிளேஸ்டேஷன் 4-இல் 2015-இல் வந்த மீடியா பிளேயர் செயலி தேவை. பிளேஸ்டேஷன் 5-இல் இவ்வசதி உள்ளமைக்கப்படவில்லை.

அன்றிரவு தாத்தா பெரிய திரையில் நடந்து வந்து விருந்தினரைக் கைகூப்பி வரவேற்றார். அவர் நடந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. பாட்டி பந்தியில் அமர்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். நான் படத்தை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன்.

தோழர்களே, நம் நாட்டு ஈரக் காற்றில் வீடியோ நாடாக்கள் எளிதில் பூஞ்சை பிடித்துவிடும். உங்கள் வீட்டு அலமாரியையும் திறந்து பாருங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே பாருங்கள்.