ஐரோப்பிய மாணவத் தொண்டர்களும் திருப்பத்தூர்ச் சின்னண்ணனும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பேக்கிங்கில் நிற்கும் பெண்களுக்கு ஐரோப்பாவின் கால் அளவு மனப்பாடம். பெட்டியில் 39 என்று சீட்டு இருந்தால் நம்மூர்க் கடையில் அது ஏறக்குறைய 6-ஆம் நம்பர். அந்த ஐரோப்பிய அளவுக்குப் ‘பாரிஸ் பாயிண்ட்’ என்று பெயர். ஓர் எண் கூடினால் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் நீளம் கூடும். 39-ஐ அந்தக் கணக்கில் பெருக்கினால் 26 செ.மீ. வரும். மேல்தோலை இழுத்துப் பூட்டும் ‘லாஸ்ட்’ என்கிற கால்வடிவக் கட்டையின் நீளம் அது.

பாலாற்றங்கரையில் பதனிட்ட தோல் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் தலைமுறைகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஆர்டரோடு வருகிறவர்கள் சாம்பிள் பார்த்து, விலை பேசி, இரண்டொரு நாளில் கிளம்பிவிடுவார்கள். இன்னொரு வகையினரும் ஐரோப்பாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். வயது பத்தொன்பது, இருபதுதான் இருக்கும். பள்ளிப்படிப்பு முடிந்து கல்லூரிக்குப் போவதற்கு முன்போ, கல்லூரியின் இடையிலோ வந்து, ஒரு பள்ளியிலோ மாணவர் விடுதியிலோ ஓராண்டு தங்குவார்கள். பெயர், தொண்டர். இவர்களை அனுப்புவது யார், செலவு யாருடையது, சட்டம் என்ன சொல்கிறது, நம் ஊருக்கு இதில் என்ன கிடைக்கும்?

எங்கிருந்து தொடங்கியது?

முதல் உலகப் போர் முடிந்த சூட்டில் பிறந்த யோசனை இது. 1920-ல் பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பிரான்சில் வெர்தூன் போர்க்களத்துக்கு அருகே தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் கிராமத்துக்குச் சில தொண்டர்களை அழைத்துப் போனார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஜெர்மானியர்களும் அதில் இருந்தார்கள். சுவர் எழுப்பி, சாலை போட்டார்கள். ஊரார் சந்தேகப்பட்டதால் முகாம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு அந்த முயற்சியிலிருந்துதான் வளர்ந்தது. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் புரட்டிப் போட்டபோது, அதே செரெசோல் இந்தியா வந்து கிராமங்களை மீண்டும் கட்டும் வேலையில் இறங்கினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாணவர்களே முன்னால் வந்தார்கள். பல ஐரோப்பிய நாட்டு மாணவர்கள் சேர்ந்து 1948-ல் ‘ஐசெக்’ என்ற மாணவர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று இந்தியக் கல்லூரிகளிலும் அதற்குக் கிளைகள் உண்டு. 1985-ல் பாரிஸில் ஃபிராங்க் பியாங்கேரி என்ற மாணவர் தொடங்கிய ‘ஏஜே’ அமைப்பு, 1988 முதல் கோடை விடுமுறையில் மொழி வகுப்புகளை நடத்துகிறது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் இல்லை. உள்ளூர் மாணவர்களே தங்கள் ஊரின் மொழியை வெளிநாட்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், இடமும் சாப்பாடும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். மொழியைத் தெரிந்தவனே குரு, அவனுக்கு வயது இருபதாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற இந்த ஏற்பாட்டைக் கவனித்து வைத்துக்கொள்வோம்.

இப்போது வருகிறவர்களை அனுப்புவது யார்?

ஐரோப்பிய ஒன்றியம் 1996-ல் ஐரோப்பியத் தன்னார்வச் சேவையைத் தொடங்கியது. அதன் இன்றைய வாரிசு, 2018-ல் சட்டவடிவம் பெற்ற ஐரோப்பிய ஒற்றுமைப் படை. அது பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள்ளும் அதன் அக்கம்பக்கத்திலும் இயங்குவது. நம் பக்கத்துக்கு அதைவிட நெருக்கமானது, ஜெர்மன் அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-ல் தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’. ‘உலகை நோக்கி’ என்பது அந்தச் சொல்லின் பொருள். 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் 6 முதல் 24 மாதம் வரை போகலாம், பெரும்பாலோர் ஓராண்டு போகிறார்கள். அப்படி அதிகம் பேர் வந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

அரசு நேரடியாக ஆள் அனுப்புவதில்லை. ஜெர்மனியில் அனுப்பும் அமைப்பு ஒன்று இருக்கும், இங்கே ஏற்றுக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்கும். செலவில் 75 சதவீதம் வரை அமைச்சகம் கொடுக்கும், மீதியை அனுப்பும் அமைப்பு திரட்ட வேண்டும். பயணம், தங்குமிடம், காப்பீடு, கைச்செலவு எல்லாம் அதற்குள் அடக்கம். புறப்படும் முன்பும் நடுவிலும் திரும்பிய பிறகுமாகக் குறைந்தது 25 நாள் பயிற்சி வகுப்பு கட்டாயம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது உலகெங்கும் இருந்த வெல்ட்வெர்ட்ஸ் தொண்டர்கள் அத்தனை பேரையும் ஜெர்மனி திருப்பி அழைத்துக்கொண்டது.

திருப்பத்தூரில் ஒரு முன்னோடி

இப்படிப்பட்ட திட்டங்கள் எதுவும் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், வாணியம்பாடியிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் இதை வாழ்ந்து காட்டிய ஓர் ஐரோப்பியர் இருந்தார். ஸ்காட்லாந்தின் அலோவா ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன்தான் அவர். மருத்துவம் படித்தவர். பிரிட்டனில் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், சைவ உணவு உண்டார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆசிரமத்தின் ஆலயத்தைத் தென்னிந்தியக் கோயில் பாணியில் எழுப்பினார்கள்.

ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. துரை என்று கூப்பிட ஊர் தயாராக இருந்திருக்கும். சின்னண்ணன் என்ற சொல்லோ ஒருவரைக் குடும்பத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. அவருக்கு மேலே ஒரு மூத்தவர் இருக்கிறார், கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவர் தமிழர், இளையவர் ஐரோப்பியர். 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியலின்போது கதராடையில் நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்துச் சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை அது பேச்சானது. நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை இங்கே கைநூற்புத் துணிக்காக அடிபட்டார்.

ஓராண்டு தங்கிப் போகிற இருபது வயதுப் பிள்ளையிடம் பேட்டனின் வாழ்நாள் உழைப்பை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் உட்கார்ந்த இடத்தை, மூத்தவருக்கு அடுத்த இடத்தை, எதிர்பார்க்கலாம்.

மொழி கைமாறுவது எப்படி?

வரும் தொண்டர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவார் என்றுதான் நம் பள்ளிகள் முதலில் நினைக்கின்றன. ஜெர்மானியருக்கோ இத்தாலியருக்கோ ஆங்கிலம் தாய்மொழி அல்ல, அவரும் பள்ளியில் படித்ததுதான். நம் ஆசிரியரைவிட இலக்கணம் கூடுதலாகத் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவரிடம் நிச்சயமாக இருப்பது அவருடைய மொழி. நம்மிடம் நிச்சயமாக இருப்பது நம் மொழி.

இதை வைத்து நடப்பதுதான் ‘டாண்டம்’ முறை. இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. இருவர் உட்கார வேண்டும். அரை மணி நேரம் ஒரு மொழி மட்டும், அடுத்த அரை மணி நேரம் மற்ற மொழி மட்டும். நடுவில் ஆங்கிலத்துக்கு ஓடக் கூடாது.

உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வந்தவர், “நாம நேத்து ஏலகிரி போனோம்” என்பார். கேட்பவர் போகவே இல்லை. ஜெர்மனில் ‘வீர்’ என்று ஒரே சொல்தான். எதிரில் இருப்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்கிற கணக்கு அங்கே கிடையாது. ‘உங்களுக்கு உதவ நாங்கள் வந்திருக்கிறோம்’ என்பதற்கும் ‘நாம் செய்வோம்’ என்பதற்கும் உள்ள தூரத்தை இலக்கணமே அவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

மணி மாறியதும் நம் மாணவரின் பாடு. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லாத மூன்றாம் பால். அஃறிணைக்கு ஏது ஆணும் பெண்ணும் என்று தமிழ் மட்டும் பேசி வளர்ந்தவர் திகைப்பார். வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டுப் பிள்ளை அவ்வளவு திகைக்க வேண்டியதில்லை. பள்ளி உருதுவில் கிதாப் என்கிற புத்தகம் பெண்பால், தர்வாஜா என்கிற கதவு ஆண்பால். தொண்டையின் அடியிலிருந்து உரசி வரும் ஜெர்மன் ஒலியும் அவருக்குப் பழக்கம்தான், ‘கபர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை உருதுவில் அப்படித்தானே சொல்கிறோம். வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று சிறுவயதிலேயே நாக்கை மாற்றிப் போட்டுப் பழகிய ஊர் இது. 1919-ல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி நூறாண்டுக்கு மேலாக இங்கே நடக்கிறது. நாலாவது மொழிக்கு வேண்டிய கையிருப்பு இங்கே நிறைய உண்டு. அதை ஒரு சொத்தாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏற்றுக்கொள்ளும் பள்ளியோ தொண்டு நிறுவனமோ தெரிந்திருக்க வேண்டியவை சில:

சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியமில்லாத் தொண்டு செய்யலாம், ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம்தான். ஆண்டுக்கணக்கில் தொண்டு நிறுவனத்தில் பணிபுரிய வேலை விசா வேண்டும். எந்த நிறுவனத்துக்காக என்பது விசாவிலேயே குறிக்கப்படும், வேறு இடத்துக்கு மாறிப் போய்ப் பணிபுரிய முடியாது.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமல்ல, விடுதிக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

தொண்டரோடு சேர்ந்து நன்கொடையும் வந்தால் அது தனிக்கதை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் டெல்லிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

குறை சொல்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பணம் கட்டி இரண்டு வாரம் வந்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு போகிற சுற்றுலாவும் தொண்டு என்ற பெயரில் நடக்கிறது. குழந்தைகள் இல்லங்களில் இதன் விளைவு மோசமானது. மாதம் ஒரு முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போனால், ஒட்டிக்கொள்வதும் பிரிவதுமாகவே குழந்தையின் மனம் அலையும். ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அனாதை இல்லங்களில் நடக்கும் இத்தகைய தொண்டர் திட்டங்களின் தீங்கைக் குறிப்பிட்டது.

வழி ஒரே திசையில் கிடக்கிறது என்பது இரண்டாவது குறை. அங்கிருந்து வருகிறவருக்கு அரசே டிக்கெட் எடுத்துத் தருகிறது, இங்கிருந்து போகிறவர் விசாவுக்கே அலைகிறார். இந்தக் குறையை ஜெர்மனியிலேயே பலர் எழுப்பியதன் விளைவாக, 2013 முதல் வெல்ட்வெர்ட்ஸில் எதிர்த்திசையும் சேர்க்கப்பட்டது. இந்தியா போன்ற நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள முதியோர் இல்லத்திலோ பள்ளியிலோ தொண்டு செய்யலாம். இங்கே தொண்டர்களை ஏற்றுக்கொள்ளும் அமைப்பின் மூலமாகத்தான் இதற்கும் வழி. ஆள் வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களுள், ஆளை அனுப்பவும் கேட்கலாம் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வழிகள்

பட்டம் முடித்தவர்களுக்கு 2004-ல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு முதுகலை படிக்கலாம். வேலை தேடுபவர்களுக்கு இன்னொரு செய்தி: இந்தியத் திறன்பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. செவிலியர் படிப்பு முடித்தவர்களும் ஜெர்மன் வகுப்புத் தேடி அலைகிறார்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ‘ஏ1’ தொடங்கிப் படிப்படியாகத் தேர்வெழுதலாம். தினமும் சென்னை போய்வர முடியாத பிள்ளைக்கு, ஊரிலேயே வந்து தங்கியிருக்கும் ஒரு ஜெர்மானிய மாணவர் எவ்வளவு பெரிய வசதி!

ஆகவே, தொண்டர் ஒருவரை அனுப்பட்டுமா என்று கடிதம் வந்தால் பள்ளி நிர்வாகம் அறை, சாப்பாடு, கழிவறை பற்றி யோசிப்பதோடு நிறுத்த வேண்டாம். வேலை நேரப் பட்டியலில் முதல் மணி நேரத்தை ஒதுக்கிவிடலாம். அந்த மணி நேரத்தில் வருகிறவர் பெஞ்சில் உட்காருவார். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கரும்பலகைக்கு முன் நின்று, ‘ழ’வுக்கு நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டும். வந்தவர் தப்பாகச் சொல்வார். பிள்ளை திருத்தும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்.

அடுத்த மணி அவர் சாக்பீஸை வாங்கிக்கொள்ளட்டும்.