சமூகக்கல்வி வழியே வடிவங் கற்பித்தல்

ஆரம்ப வகுப்புக்களில் எண்ணும் எழுத்தும் போலவே வடிவமும் கற்பிக்கப்படுகின்றது. வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம் என்பவற்றை அட்டையில் வெட்டிக் காட்டிப் பெயர் சொல்லுவித்தல் பெருவழக்கு. சில நாட்களில் வகுப்பு முழுவதும் பெயர்களைத் தவறின்றி ஒப்பிக்கும். ஆயின், அதே சதுர அட்டையை மூலை கீழ்நோக்குமாறு சரித்துப் பிடித்தால், சிறாரிற் பலர் அது சதுரமன்று என்பர். அவர்கள் அறிந்தது அட்டையின் தோற்றமேயன்றிச் சதுரத்தின் இயல்பன்று.

ஒல்லாந்து நாட்டு ஆசிரியர்களாகிய பியேர் வான் கீலே, தீனா வான் கீலே என்னும் தம்பதியர் 1957 ஆம் ஆண்டில் அளித்த ஆய்வுரைகளில் இதனை விளக்கினர். முதற்படியிலுள்ள பிள்ளை, ஓர் உருவத்தை அதன் முழுத்தோற்றங் கொண்டே அறிகின்றது. அடுத்த படியில் பக்கம், மூலை முதலிய இயல்புகளை நோக்கி அறிகின்றது. வயது ஏறுவதால் மட்டும் பிள்ளை இரண்டாம் படியை அடைவதில்லை. தக்க கற்பித்தலே அதனை அங்கு கொண்டு சேர்க்கும் என்பது அவர்தம் துணிபு.

அத்தக்க கற்பித்தல் யாது? "இஃது என்ன வடிவம்?" என்பதோடு நில்லாது, "இஃது ஏன் இவ்வடிவில் ஆக்கப்பட்டது?" என வினவுதலே எனலாம். இவ்வினாவுக்கு விடை மக்களின் தொழிலிலும் தேவையிலும் வரலாற்றிலும் உள்ளது. ஆகவே அது சமூகக்கல்விக்கு உரிய வினாவாகும். 1999 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பின் நம் நாட்டு ஆரம்ப வகுப்புக்களில் கணிதமும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் தனித்தனிப் பாடங்களாக நிற்கின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக இவ்வினாவைக் கொள்ளலாம். இதற்குத் திருகோணமலையைப் போன்று வாய்ப்பான ஊர்கள் சிலவே. ஊரின் பெயரிலேயே கோணம் அமைந்திருக்கின்றதன்றோ?

சீனக்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்களை முதலில் நோக்குவோம். பிரித்தானியர் தம் கடற்படைக்கு எரிபொருள் சேமிக்கும் பொருட்டுக் கட்டிய இக்குதங்கள் நூறளவின. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இவையும் இலக்காயின. இவை ஏன் உருளை வடிவின? உள்ளிருக்கும் எண்ணெய் சுவரின் எப்பக்கத்தையும் ஒப்பத் தள்ளும். வளைந்த சுவர் அத்தள்ளுகையை எங்கும் ஒரே சீராகத் தாங்கும். மூலையுள்ள குதமாயின் மூலைகள் நலிவுறும். மேலும், ஒரே நீளமுள்ள இரு அட்டைப் பட்டைகளை எடுத்து, ஒன்றை வட்டமாகவும் மற்றதைச் சதுரமாகவும் ஒட்டி, நெல் நிரப்பி அளப்பித்தால், வட்டமே மிகுதியாகக் கொள்வதைப் பிள்ளைகள் தாமே காண்பர். பால்மாப் பேணியொன்றை மேலிருந்து நோக்கினால் வட்டமும், நேரே பக்கத்திலிருந்து நோக்கினால் செவ்வகமும் தோன்றும். ஒரு பொருளே நோக்குமிடத்திற்கேற்ப வெவ்வேறு வடிவங் காட்டும் என்பது இதனாற் புலனாகும்.

அடுத்தது மீன்வலை. வலைக்கண்ணின் நான்கு பக்கங்களும் சமமானவை. ஒருபுறம் இழுத்தால் அது ஒடுங்கிய சாய்சதுரமாகும். அளவாக விரித்தால் சதுரமாகும். பக்கங்களின் நீளமோ மாறுவதில்லை. சரித்த சதுரத்தைச் சதுரமன்று என்ற பிள்ளைக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. கண் சிறிதாயின் மீன்குஞ்சுகளும் அகப்பட்டு நாளைய மீன்வளம் குன்றும் என்னும் சமூக உண்மையையும் இவ்விடத்திலேயே உணர்த்தலாம்.

வீட்டுக் கிணறு பெரும்பாலும் வட்டமாயிருக்கக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் சதுரமாயிருப்பது ஏன்? ஆழ்ந்த கிணற்றைச் சுற்றிலும் மண் நெருக்கும். வட்டச்சுவர் அதனைத் தாங்கும். கன்னியாக் கிணறுகளோ ஆழங் குறைந்தவை. சதுரமாய்க் கட்டினும் கேடில்லை. பனையோலைக் கடகமோ சதுர அடியில் தொடங்கி வட்ட வாயில் முடிகின்றது. இழைத்துக் காட்ட வல்ல பாட்டியொருவரை வகுப்புக்கு அழைத்தல் நன்று. 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டு எழுப்பி, பின்னர் ஒல்லாந்தராலும் ஆங்கிலேயராலும் ஆளப்பட்ட பிரடெரிக் கோட்டையை மேல்வகுப்பினர் காணலாம். கோட்டைச் சுவர்களில் முனைகள் ஏன் வெளியே நீட்டப்படுகின்றன என அவர்கள் வினவட்டும். மதிலடியை அணுகும் பகைவனைப் பக்கவாட்டிலிருந்து சுடுதற்கே அவ்வமைப்பு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாவற்றையும் நான்கு வடிவங்களுள் அடக்க முயலுதல் தவறு. கோபுரத்தை முக்கோணம் என்னும் பிள்ளையிடம் அதன் உச்சியை நோக்கச் சொல்லுதல் வேண்டும், கூர்முனை அங்கில்லை. துறைமுகக் கரையோ எவ்வடிவத்துள்ளும் அடங்காது. பெயரில்லா வடிவமும் உண்டு என்பதை அறிதலும் கல்வியே.

நேரம் போதாது என ஆசிரியர் சிலர் கூறலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புக்களிலும் வீழ்கின்றது என்பது மெய்யே. எனினும், ஒப்பித்த பெயர் விரைவில் மறக்கும். காரணத்தோடு அறிந்தது நிலைக்கும்.

இதனினும் பெரியதொன்றுண்டு. வலை முடியும் தந்தையின் கையிலும் கடகம் இழைக்கும் தாயின் கையிலும் கேத்திரகணிதம் குடியிருக்கின்றது. பாடசாலை அதனைப் பாராமுகமாய் விடின், தன் வீட்டில் அறிவு இல்லை என்றே பிள்ளை எண்ணும். நாளடைவில் வீட்டையோ பாடசாலையையோ அந்நியமாய்க் கருதும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் வலைக்கண் எவர் கரையிலும் ஒன்றே. பெற்றோரின் தொழிலைக் கற்கத்தக்க பொருளாக மதித்து வகுப்பறைக்குள் கொணரும் ஆசிரியர், வடிவத்தோடு தன்மதிப்பையும் பிறர்மதிப்பையும் ஒருங்கே கற்பித்தவராவார்.