வீடு மாறும்போது மேசைக்குக் கம்பளி எதற்கு?

லாரி பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. தேக்கு மேசையின் விளிம்பில் கட்டில் கால் மோதுகிறது. கம்பளி சுற்றியிருந்தால் மட்டும் ஏன் வடு விழுவதில்லை?

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது, அடி குறைகிறது. கம்பளியும் அப்படித்தான் அமுங்கிக்கொடுத்து மோதலை மெதுவாக்குகிறது. ஒரே புள்ளியில் விழவேண்டிய விசையை அகலமாகப் பரப்பியும் விடுகிறது.

மோதலைவிட மோசமானது உராய்வு என்பேன். மணலில் உள்ள குவார்ட்ஸ் பாலிஷைவிடக் கடினமானது. கம்பளிக்கும் மேசைக்கும் இடையில் ஒரு துகள் சிக்கினால் போதும், வழிநெடுக அதிர்வில் அரைத்துக்கொண்டே வரும். அதனால் மேசையைத் துடைத்து, கம்பளியை உதறி, நழுவாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் தாளை நேரடியாக மரத்தில் சுற்றாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி, பாலிஷில் வெள்ளைத் திட்டு விழலாம்.